வாகை விழுங்கிய சங்கிலி

ஜீயபுரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கமாக இறங்கும் மண்சாலையில் பிரிட்டோவின் டாடா ஏஸ் போய் நின்றபோது காலை ஏழரை மணி இருக்கும். மாசி மாதத்து வெயில் இன்னும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். அதன் முடிவில், சுற்றுச்சுவர் பாதி சரிந்த ஓட்டு வீடு ஒன்று. அதற்குப் பின்னால், கூரையைப் போல மூன்று மடங்கு உயரத்துக்கு ஒரு வாகை மரம்.

இலையெல்லாம் கொட்டிப்போய்க் கிளை முழுக்கக் காய்ந்த நெற்றுகள் மட்டும் தொங்கின. காற்றே இல்லை. ஆனாலும் நெற்றுகள் சலசலத்துக்கொண்டிருந்தன.

பிரிட்டோவுக்கு மரம்தான் பிழைப்பு. வீட்டின் மேல் சாய்ந்த கிளையைக் கழிப்பான், பட்டுப்போன மரத்தைத் துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்குவான். நல்ல மரமாகக் கிடைத்தால் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரை ஓரமாக வைத்திருக்கும் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தன் பேண்ட்சா மெஷினில் பலகையாக அறுப்பான். பாலக்கரையில் வீடு. யாரிடமும் சம்பளத்துக்கு நின்றதில்லை. பதினாறு வருஷமாகக் கீழே நின்று அவன் கயிற்றைப் பிடிப்பவர் பிச்சமுத்து. மேலே அவன் கால் தவறினால் அந்தக் கயிறு மட்டும்தான் உண்டு. அதனால் வேலை நேரத்தில் பிச்சமுத்து பீடிகூடப் பற்றவைக்க மாட்டார்.

வீட்டுக்காரர் சிவசங்கர் வாசலில் காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வந்து இறங்கி எவ்வளவு நேரமோ, ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை.

"வீட்டை வித்தாச்சுங்க. வாங்குறவங்க மரம் இருக்கக் கூடாதுங்கறாங்க" என்றார். "அறுத்து நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு ஒரு சிராய்கூட வேணாம்."

நல்ல வாகையை யாரும் அப்படிச் சும்மா கொடுப்பதில்லை. பிரிட்டோ பிச்சமுத்துவைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார்.

பூட்டைத் திறந்து சிவசங்கர் முன்னால் நடந்தார். உள்ளே வவ்வால் எச்ச நாற்றம். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தவர், நிலைப்படியைத் தாண்டவில்லை.

"நான் இங்கயே நிக்கிறேன். நீங்க போய்ப் பாருங்க."

கொல்லை முழுக்க இடுப்பளவு புல்லும் எருக்கஞ்செடியும். ஆனால் மரத்தடியில் மட்டும், தூரிலிருந்து ஆறடித் தூரத்துக்கு, பிறை வடிவில் வெற்றுத் தரை. ஒரு புல் இல்லை. மாடு சுற்றிச் சுற்றி மிதித்த செக்கடியைப் போல மண் குழிந்து இறுகியிருந்தது.

பிரிட்டோ தூரைச் சுற்றி வந்தான். முழங்கால் உயரத்தில் மரம் ஒரு பட்டையாக வீங்கியிருந்தது. இறுக்கிக் கட்டிய இடத்தில் சதை பிதுங்குவதுபோலப் பட்டை பிதுங்கி, மேலுதடும் கீழுதடுமாகச் சேர்ந்து மூடியிருந்தது. அவன் சுத்தியல் காம்பால் தட்டினான். உள்ளே இரும்பு இருக்கிறது என்று சத்தமே சொன்னது.

"சார், இதுல ஏதாச்சும் கட்டியிருந்தீங்களா? கம்பி, சங்கிலி?"

நிலைப்படியில் நின்றவர் ஹெல்மெட் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"மாடு கட்டியிருந்தோம்" என்றார். பிறகு, கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

*

பதினொன்றரை மணி வாக்கில் பிரிட்டோ நாற்பதடி உயரத்தில் இருந்தான். இடுப்பு பெல்ட்டிலிருந்து போன கயிறு மேல்கவட்டையில் ஏறி இறங்கிக் கீழே பிச்சமுத்துவின் கைக்குப் போயிற்று. பாதிக் கிளைகள் இறங்கியாயிற்று. உச்சி வெயில் தலையைப் பிளந்தது. மெஷின் ரம்பத்தை அணைத்துவிட்டு, மூச்சு வாங்கக் கிளையில் சாய்ந்தான்.

நெற்றுகளின் சலசலப்புக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது.

இழுபடும் சத்தம். கனமாக, நிதானமாக. கொஞ்ச தூரம் போகும். நிற்கும். திரும்பி வரும்.

அவன் குனிந்து பார்த்தான்.

மரத்தடியில், அந்த வெற்றுத் தரையில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து பார்க்கத் தலையும் தோளும்தான் தெரிந்தன. கத்தரிக்கோலால் கண்டபடி வெட்டிய தலைமுடி. கத்தரிப்பூ நிறச் சேலை. ஒரு காலை நீட்டி, மறுகாலை மடக்கி, மரத்தில் முதுகைச் சாய்த்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்தான்.

"யாரும்மா அது? கிளை விழும்மா, தள்ளிப் போங்க!"

அவள் அசையவில்லை. பிச்சமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"யார்ட்ட பேசுற?"

"உங்க பக்கத்துலதாண்ணே. தூர்ல உக்காந்திருக்கு பாருங்க."

பிச்சமுத்து தூரைப் பார்த்தார். அவளையேதான் பார்த்தார். பிறகு மேலே பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

அந்த நொடியில் பிரிட்டோவின் இடுப்புக் கயிறு ஒரு சுண்டு சுண்டியது.

பிச்சமுத்து இழுத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இது அவர் இழுப்பு இல்லை. தயங்கித் தயங்கி, குழந்தை பெரியவர்களின் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல. மறுபடி ஒரு முறை. இன்னும் ஒரு முறை.

கீழே பிச்சமுத்துவின் முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையையும் கயிற்றில் இறுக்கிப் பிடித்து, பின்னால் சாய்ந்து, யாரோ எதிர்ப்பக்கம் இழுப்பதைத் தாங்குபவர்போல நின்றார்.

"இறங்கு பிரிட்டோ" என்றார். சத்தமே வரவில்லை. உதடுதான் அசைந்தது.

அவன் இறங்கி மண்ணில் கால் வைத்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. பிச்சமுத்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

வேறு யாராவது என்றால் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஆனால் பாதி கழித்த மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. அப்படியே விட்டுப்போவது தொழில் இல்லை. பிரிட்டோ சிலுவை போட்டுக்கொண்டான். மேலே ஏறாமலே, ஆற்றுப் பக்கமாக வடம் கட்டி, வீக்கத்துக்குக் கீழே தரையை ஒட்டி அறுத்தான். மூன்று மணிக்கு மரம் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் நெற்றுகள் எல்லாம் உதிர்ந்து, கொல்லை நிசப்தமாயிற்று.

அந்த நிசப்தத்தில், கிடந்த மரத்துக்குள்ளிருந்து, இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம். நின்று. திரும்பி.

*

மறுநாள் காலை கொட்டகையில் வேலை தொடங்கியது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. இருவரும் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டார்கள். மேல்மரத்தில் பேண்ட்சா வழுக்கிக்கொண்டு ஓடியது. காப்பித்தூள் நிறத்தில், வரி வரியாக, அவ்வளவு அழகான பலகைகள். பிரிட்டோ எடுத்துத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

அடிமரத் துண்டு கடைசியில் மிஞ்சியது. இரும்பு இருக்கும் மரத்தில் பிளேடை விட முடியாது. ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தான். நாலாவது அடியில் மரம் பிளந்து இரண்டாக மல்லாந்தது.

உள்ளே சங்கிலி. மரத்தைச் சுற்றி ஒரு சுற்று. அதிலிருந்து பிரிந்த மிச்ச நீளம் மடித்து, சுருட்டி, அதன் மேலேயே தொங்கவிடப்பட்டிருந்தது. நுனியில் ஒரு சிறிய வளையமும் பூட்டும்.

வளையத்தைச் சுற்றித் துணி சுற்றியிருந்தது. நான்கைந்து மடிப்பாக, ஊசி நூலால் பொடிப்பொடியாகத் தையல் போட்டு. மரத்துக்குள் காற்று படாமல் கிடந்ததால் நிறம்கூட மங்கவில்லை.

கத்தரிப்பூ நிறம்.

பிச்சமுத்து அதைக் கையில் வாங்கினார். "மாட்டுக்கு யாரு துணி வெச்சுத் தைப்பா?" என்றார். பிறகு மெல்லக் குனிந்து, அந்த வளையத்தைத் தன் கணுக்காலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். உடனே தீயைத் தொட்டவர்போலக் கீழே போட்டார்.

பிரிட்டோ பிளந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு உராய்ந்த மரம் கறுக்கும். சங்கிலிக்கு உட்புறம், வளையம் வளையமாக, பத்துப் பதினொரு வருஷத்து மரம் கறுத்துத் தேய்ந்து கிடந்தது. அத்தனை வருஷமும் அந்தச் சங்கிலி அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்கு வெளிப்புறம் இருபது வளையம், பால்போலச் சுத்தம். அசைவு நின்றுபோன பிறகுதான் மரம் அதை மூடத் தொடங்கியிருக்கிறது.

அவன் சிவசங்கருக்கு போன் போட்டான்.

"சார், மரத்துக்குள்ள இருந்தது கிடைச்சிருக்கு. வாங்க."

"சாவியை எடுத்துட்டு வரேன்" என்றார் சிவசங்கர். பிரிட்டோ சாவியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

*

அவர் வந்து மரத்துண்டின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் அந்தத் துணியையே பார்த்தார்.

"எங்க அம்மா தைச்சது. அக்காவுக்குக் கால் புண்ணாகுதுன்னு" என்றார். "என் அக்கா ரஞ்சனி. பத்தொம்பது வயசுல புத்தி பிசகிடுச்சு. ரெண்டு தடவை ஆத்துல போய் இறங்கிட்டா. அப்பாதான் கட்டிப் போட்டார். கொஞ்ச நாளைக்குன்னு சொன்னார். பதினோரு வருஷம்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?" என்றார் பிச்சமுத்து.

சிவசங்கர் துணியின் தையலை விரலால் தடவினார். அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"அப்பா போன பிறகு சாவி எங்கிட்ட வந்துச்சு. இருபது வருஷம் முன்னாடி ஆறு உடைச்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க, அன்னைக்குக் கொல்லையில தொடை அளவு தண்ணி. எல்லாரையும் ஏத்திக்க டிராக்டர் வந்து வாசல்ல நிக்குது. நான் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். எந்திரிச்சு நின்னு என்னையே பாத்துட்டு இருந்தா. பயந்த மாதிரிகூட இல்ல. 'அம்மாவை ஏத்திவிட்டுட்டு வந்து திறக்கறேன் அக்கா'ன்னேன். சரின்னு தலையாட்டினா."

"திறந்தீங்களா?"

"டிராக்டர்ல ஏறினதும் கேட்டாங்க, வீட்டுல வேற யாராச்சும் இருக்காங்களான்னு." சிவசங்கர் தன் கைகளைப் பார்த்தார். "எனக்கு அப்பதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. பொண்ணு வீட்டுக்கு அக்கா இருக்கறதே தெரியாது. இல்லன்னுட்டேன். அம்மாவும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. அவங்களும் ஒண்ணும் சொல்லல."

கொட்டகைத் தகரம் வெயிலில் படபடத்தது.

"மூணு நாள் கழிச்சுத்தான் போனோம். உடம்பை எடுத்துட்டு, சங்கிலியைச் சுருட்டி மரத்துலயே மாட்டிட்டேன்."

பிரிட்டோவுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. "அந்தப் பூட்டைத் திறங்க" என்றான். "நீங்கதான் திறக்கணும். இப்பவாச்சும் திறங்க."

சிவசங்கர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டு துருவேறிக் கட்டியாகியிருந்தது. திறக்காது என்றுதான் பிரிட்டோ நினைத்தான். சாவி நுழைந்தது. நேற்று எண்ணெய் போட்ட பூட்டைப்போல, சத்தமில்லாமல் திரும்பியது. வளையம் விரிந்தது.

அதற்குள்ளிருந்து ஒரு கை அளவு தண்ணீர் கொட்டி மரத்தூளில் பரவியது. கலங்கலான, செந்நிறத் தண்ணீர்.

மூவரும் அதைப் பார்த்தார்கள். சிவசங்கர் சங்கிலியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

பிரிட்டோ தடுக்கவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் அவனுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

*

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சிவசங்கரின் மனைவி சுபஸ்ரீ போனில் கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள்.

"காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கறேன், இப்படி உக்காந்திருக்காருங்க. சங்கிலியைக் கால்ல போட்டுப் பூட்டிக்கிட்டு. சாவியைக் கேட்டா இல்லங்கறாரு. உங்களைக் கூப்பிடுன்னுகூட அவர் சொல்லல, நானா அவர் போன்ல நம்பரைப் பார்த்துக் கூப்பிடுறேன். அறுக்கற மிஷின் இருந்தா எடுத்துட்டு வாங்க."

அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்றாவது மாடி. பிரிட்டோவும் பிச்சமுத்துவும் இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு படியேறினார்கள். கூடத்தில் கட்டில் ஒன்று. அதில் சிவசங்கரின் தாய் மாரியாயி படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கைதான் என்று சுபஸ்ரீ சொன்னாள். கண் மட்டும் திறந்து, வந்தவர்களையே பார்த்தது.

பின் அறையில் சிவசங்கர் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியிலிருந்து கணுக்காலுக்குச் சங்கிலி. ஒரு காலை நீட்டி, மறுகாலை மடக்கி.

அறை முழுக்க ஆற்று வண்டல் வாடை. தரை காய்ந்து கிடந்தது.

"சார்" என்றான் பிரிட்டோ.

சிவசங்கர் முகவாயை உயர்த்தித்தான் பேசினார். கழுத்தை எக்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைப் பிடித்து விட்டு. கழுத்தளவு தண்ணீரில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"காலைல இடுப்புக்கு இருந்துச்சு" என்றார். "இப்ப இங்க வந்துடுச்சு."

"சாவி எங்க சார்?"

"அக்கா எடுத்துட்டுப் போயிருக்கா."

"நான் அறுத்துடறேன். ரெண்டு நிமிஷம். காலை ஆட்டாதீங்க."

"வேணாம் பிரிட்டோ." அவர் சிரித்தார். முகத்தில் பயமே இல்லை. "வந்து திறக்கறேன்னு சொல்லியிருக்கா."

பிரிட்டோ பிளக்கைச் சொருகினான். கிரைண்டர் சீறியது. தீப்பொறி சுவரெங்கும் தெறித்தது. பிச்சமுத்து அவர் காலை இறுகப் பிடித்துக்கொண்டார். சங்கிலிக் கண்ணி பாதி அறுந்தது. முக்கால் அறுந்தது. மேலே சிவசங்கர் அவசர அவசரமாக மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு. இன்னொன்று. மூன்றாவதாக ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தார்.

அதை வெளியே விடவில்லை.

கண்ணி தெறித்து அறுந்தது. சுபஸ்ரீ அலறினாள். சிவசங்கரின் தலை மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. வாயோரத்தில் செந்நிறமாக ஒரு கோடு வழிந்து சட்டையில் இறங்கியது. பிச்சமுத்து அதை விரலால் தொட்டார். ரத்தம் இல்லை. சேறு.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

உடலைத் தூக்கியபோதுதான் பிரிட்டோ சுவரைப் பார்த்தான். வெள்ளைச் சுவரில், நான்கு பக்கமும், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக ஒரு வண்டல் கோடு. வெள்ளம் வந்து வடிந்த வீடுகளில் தங்கிப்போகுமே, அப்படி. உட்கார்ந்திருந்தவரின் மூக்குக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் அது ஓடியது.

மூன்றாவது மாடியில்.

*

பலகைகளை அவன் விற்கவில்லை. எல்லாவற்றையும் கொள்ளிடக்கரையில் குவித்துக் கொளுத்தினான். பாலக்கரை மாதா கோவிலில் ரஞ்சனி என்ற பெயருக்குப் பூசை கேட்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தான். அவளுக்கு வேறு யார் என்ன செய்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சுபஸ்ரீ கூப்பிட்டாள். இந்த முறை அழவில்லை. குரலில் ஒன்றுமே இல்லை.

"அந்த ரூமுக்கு ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சாச்சுங்க. அங்க கோடு போயிடுச்சு" என்றாள். "நீங்க ஒரு தடவை வந்து கூடத்தைப் பாக்கறீங்களா?"

பகல் பன்னிரண்டு மணிக்கு பிரிட்டோ போனான். தெருவில் வெயில் கொளுத்தியது. கூடத்துக்குள் காலடி வைத்ததும் குளிர்ந்தது.

மாரியாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக அசையாத கால்களை மேலே இழுத்து மடக்கி, சேலையை முழங்காலுக்குச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"நேத்துலேருந்து காலைக் கீழ விட மாட்டேங்கறாங்க" என்று சுபஸ்ரீ கிசுகிசுத்தாள். "ஈரமாம்."

கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு கோடு. கட்டிலின் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே. பிரிட்டோ விரலை வைத்தான். வண்டல் இன்னும் காயவில்லை.

மாரியாயி அவனைப் பார்க்கவில்லை. அறையின் மூலையில், யாரும் இல்லாத இடத்தை, தரையோடு தரையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகப் பேச்சு வராத வாய் கோணிக் கோணி அசைந்தது.

"அன்னைக்கும் எங்கிட்ட இல்லடி ரஞ்சனி" என்றாள். "சாவி அம்மாகிட்ட இல்லடி."